கடல் மீன் வளர்க்கிறீங்களா? புது மீனுக்கு ஒரு மாத 'குவாரன்டீன்' கட்டாயம்... ஏன், எப்படி?

ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப்பட்டை போட்ட க்ளவுன் மீன், பளீர் நீலத்தில் டேங் மீன்... 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு இந்த ரெண்டையும் தெரியாதவர்கள் குறைவு. சென்னை கொளத்தூர் பக்கம் போனால் நன்னீர் மீன்களோடு கடல் மீன்களும் கண்ணில் படும். ஆசையாக வாங்கி வந்து, கவரைப் பிரித்து, நேராகத் தொட்டியில் விட்டுவிடுவோம். பிரச்னை ஆரம்பிக்கிற இடமே அதுதான்.

பத்து நாளில் புது மீன் மட்டும் போகாது. ரெண்டு மூணு வருஷமாக நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த பழைய மீன்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். கொரோனா காலத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தனியறையில் வைத்தோமே... புது மீனுக்கும் அதே தனிமை தேவை.

பார்க்க நல்லாத்தானே இருக்கு?

கடல் மீன்களில் பல இன்றைக்கும் கடலிலிருந்து பிடித்தே விற்பனைக்கு வருகின்றன. பிடிப்பவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எனப் பல தொட்டிகள் மாறித்தான் உங்கள் கைக்கு வரும். ஒவ்வொரு தொட்டியிலும் வேறு வேறு ஊர் மீன்கள். எங்கேயாவது ஒட்டுண்ணி ஏறியிருந்தாலும் வெளியே தெரிய சில நாள்கள் ஆகும். அதனால் கடையில் கண்ணாடி மாதிரி இருந்த மீன் என்பது எந்த உத்தரவாதமும் இல்லை.

யார் யார் எதிரி?

வெண்புள்ளி நோய்: 'கிரிப்டோகேரியான் இரிட்டான்ஸ்' என்ற ஒட்டுண்ணியால் வருவது. துடுப்பிலும் உடம்பிலும் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். மீன் மேல் சில நாள்கள் இருந்துவிட்டு, உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் முட்டைபோல ஒட்டிக்கொள்ளும். 'புள்ளி மறைஞ்சிடுச்சு, மீன் தேறிடுச்சு' என்று நாம் சந்தோஷப்படுவது இந்த நேரத்தில்தான். உண்மையில் அது கீழே போய்ப் பெருகிக்கொண்டிருக்கும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குட்டி ஒட்டுண்ணிகள் வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும்.

வெல்வெட் நோய்: தங்கத்தூள் பூசியதுபோல மிக மெல்லிய படலம், வேகமான மூச்சு, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்குவது, தண்ணீர் வேகமாக வரும் இடத்திலேயே நிற்பது... இவையெல்லாம் அறிகுறிகள். சில நாள்களிலேயே மொத்தத் தொட்டியையும் காலி பண்ணக்கூடியது.

புரூக்ளினெல்லா: க்ளவுன் மீன்களில் அதிகம். தோலில் வெள்ளையாகச் சளிபோலப் படிந்து உரியும்.

தட்டைப்புழுக்கள்: உடம்பைப் பாறையில் உரசுவது, கண் மங்குவது, தலையை உதறுவது போன்றவை அறிகுறிகள்.

'கல் உப்பு போட்டா சரியாயிடும்' என்பது தங்கமீனுக்குச் சரி. இது உப்புத் தண்ணீரிலேயே பிறந்து வளரும் ஒட்டுண்ணி. அந்த வைத்தியம் இங்கே செல்லாது.

தனித்தொட்டிக்கு என்னென்ன வேணும்?

சின்ன மீன்களுக்கு 75 லிட்டர் தொட்டி போதும். கண்ணாடித் தொட்டி இல்லையென்றால் சுத்தமான பிளாஸ்டிக் தொட்டியும் ஓகே. மணல், பாறை எதுவும் வேண்டாம். அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டுண்ணிக்கும் ஒளிய இடம் கொடுக்கும். மீன் ஒளிந்துகொள்ள ரெண்டு மூணு பி.வி.சி பைப் துண்டுகள் போடுங்கள். காற்று மோட்டார், வெப்பமானி, மூடி அவசியம். மூடி இல்லையென்றால் பயந்த மீன் எகிறித் தரையில் கிடக்கும்.

முக்கியமானது ஸ்பாஞ்ச் ஃபில்டர். மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அதைப் பெரிய தொட்டியில் போட்டு வையுங்கள். அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறிவிடும். இதைச் செய்யாமல் விட்டால், நோயில் தப்பிய மீன் அமோனியாவில் போய்விடும்.

வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். நம்ம ஊர் மே மாதத்தில் சூடாக்க ஹீட்டர் தேவைப்படாது, குளிர வைக்கத்தான் ஃபேன் தேவைப்படும். ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகி உப்பு கூடும். குறைந்த அளவுக்கு ஆர்.ஓ தண்ணீரைத்தான் ஊற்றணும், உப்புத் தண்ணீரை அல்ல.

வலை, பக்கெட், டியூப் எல்லாமே இந்தத் தொட்டிக்குத் தனி. முடிந்தால் ரெண்டு தொட்டிகளுக்கும் நடுவே 10 அடி இடைவெளி விடுங்கள். தெறிக்கும் நீர்த்துளியிலும் நோய் பரவலாம்.

முதல் நாள்

கடைகளில் உப்பின் அளவைக் குறைத்து வைத்திருப்பது உண்டு. கவர் தண்ணீரின் உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் அளந்து, தனித்தொட்டியிலும் அதே அளவை வையுங்கள். திடீரென உப்பு கூடுவதை மீன் தாங்காது. பிறகு ஒரு நாளைக்கு 0.001 முதல் 0.002 வரை கூட்டி, 1.025-க்குக் கொண்டுவரலாம்.

கவரை 15-20 நிமிடங்கள் மிதக்கவிட்டு, பிரித்தவுடன் மீனை மாற்றிவிடுங்கள். ரொம்ப நேரம் பயணம் செய்த கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.ஹெச் ஏறி, உள்ளே சேர்ந்த அமோனியாவின் விஷம் கூடும். கவர் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

அடுத்த 30 நாள்கள்

முதல் சில நாள்கள் மீன் சாப்பிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு மருந்து. வெல்வெட் அறிகுறி இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் தாமிர மருந்துதான் பலரும் பயன்படுத்துவது. மீன் மேலே இருக்கிற ஒட்டுண்ணியையோ, கூட்டுக்குள் இருப்பதையோ அது தொடாது. தண்ணீரில் நீந்தி வரும் கட்டத்தில்தான் கொல்லும். அதனால்தான் புள்ளி மறைந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. எவ்வளவு ஊற்றுவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். லேபிளில் உள்ள அளவை ரெண்டு மூணு நாளில் படிப்படியாக எட்டி, டெஸ்ட் கிட்டில் தினமும் சரிபாருங்கள். குறைந்தால் வேலை செய்யாது. கூடினால் மீனே போய்விடும். அமோனியாவைக் கட்டுப்படுத்தும் கண்டிஷனர்கள் சில, தாமிரத்தோடு சேர்ந்தால் விஷமாகும். ரெண்டு லேபிளையும் படிக்காமல் கலக்காதீர்கள்.

தட்டைப்புழுவுக்கு பிராசிகுவான்டெல், ஒரு வாரம் இடைவெளியில் ரெண்டு முறை. புரூக்ளினெல்லாவுக்குத் தாமிரம் உதவாது. அதற்குரிய ஃபார்மலின் மனிதர்களுக்கும் ஆபத்தானது என்பதால், அனுபவமுள்ளவரின் உதவி இல்லாமல் தொடாதீர்கள்.

அமோனியா தெரிந்த உடனே தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு மருந்து இருக்கணும். 30 நாள்கள் முடிந்து, மருந்து நின்ற பிறகும் மீன் தெளிவாக இருந்தால் பெரிய தொட்டிக்கு அனுப்பலாம்.

பெரிய தொட்டியில் தாமிரம் வேண்டாம்!

நத்தை, இறால், நண்டு எதுவுமே தாமிரத்தைத் தாங்காது. பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே பெரிய தொட்டியில் வெண்புள்ளி வந்துவிட்டதா? எல்லா மீன்களையும் வெளியே எடுத்து சிகிச்சை கொடுத்து, தொட்டியை 76 நாள்கள் மீன் இல்லாமல் ஓடவிடுவதுதான் பாதுகாப்பான வழி. ஒரு மீனுக்கு 30 நாளா, மொத்தத் தொட்டிக்கும் 76 நாளா? கணக்கு உங்கள் கையில். நத்தை ஓட்டிலும் ஒட்டுண்ணியின் கூடு வரலாம். அவற்றையும் மருந்தில்லாத, மீனில்லாத தொட்டியில் இதே காலம் வைத்திருந்து சேருங்கள்.

இன்னொரு விஷயம். கடல்குதிரை, நம் கடலின் பவளம், கடல் அட்டை ஆகியவை 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. 'ரகசியமா தர்றேன்' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

தனித்தொட்டிக்கு வீட்டில் இடமில்லை, ஒரு மாதமெல்லாம் பொறுக்க முடியாது என்கிறீர்களா? அப்படியென்றால் இந்த மாதம் புது மீன் வாங்காதீர்கள். ஏற்கெனவே தொட்டியில் இருப்பவர்களுக்கு அதுதான் நல்லது.