பாட்டி வீட்டுக்குப் போன முதல் கார்

கோடை விடுமுறை விட்டால் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போவது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். அதில் சரித்திரம் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அப்படிப் போன ஒரு தாயின் பயணம்தான் உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம்!

வருடம் 1888. மாதம் ஆகஸ்ட். இடம் ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். ஒருநாள் அதிகாலையில் பெர்த்தா பென்ஸ் என்ற 39 வயதுப் பெண்மணி தன் இரண்டு மகன்களோடு மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றில் கிளம்பினார். மூத்தவன் ஓய்கனுக்கு வயது 15, இளையவன் ரிச்சர்டுக்கு 13. போக வேண்டிய ஊர் பெர்த்தாவின் தாய் வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம். தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்த வண்டியைக் கண்டுபிடித்த கணவர் கார்ல் பென்ஸுக்கு இந்த விஷயம் தெரியாது!

ரயிலில் போயிருந்தால் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். பிறகு ஏன் இந்த வண்டி? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வண்டி இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை

பெட்ரோல் எஞ்சினில் ஓடும் தன் வண்டிக்கு கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காப்புரிமை எண் 37435. மோட்டார் காரின் பிறந்தநாள் என்று இன்று பலரும் குறிப்பிடுவது இந்தத் தேதியைத்தான். அதே ஆண்டு ஜூலை 3 அன்று மன்ஹைம் தெருக்களில் வண்டியை ஓட்டியும் காட்டினார்.

ஆனால் மக்கள் வேடிக்கை பார்த்தார்களே தவிர வாங்க முன்வரவில்லை. குதிரை இல்லாமல் புகை கக்கிக்கொண்டு ஓடும் வண்டியை யார் நம்புவார்கள்? நடுவழியில் நின்றால் என்ன செய்வது? மேடு வந்தால் ஏறுமா? கார்ல் கெட்டிக்காரப் பொறியாளர். ஆனால் வியாபாரம் பேசத் தெரியாதவர். இன்னும் கொஞ்சம் சரிசெய்துவிட்டு வெளியே கொண்டுபோகலாம் என்று பட்டறைக்குள்ளேயே இருந்தார்.

பெர்த்தாவால் அப்படிப் பொறுத்திருக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இந்த முயற்சியில் அவருடைய சொந்தப் பணமும் இருந்தது. 1871இல், கல்யாணத்துக்கு முன்பே, கார்லின் தொழில் கூட்டாளியால் பட்டறை மூழ்கும் நிலைக்கு வந்தது. அப்போது பெர்த்தா தன் சீதனப் பணத்தைத் தந்தையிடம் முன்கூட்டியே வாங்கிக் கொடுத்து, அந்தக் கூட்டாளியை விலக்கி, பட்டறையைக் காப்பாற்றினார். 1872இல் கல்யாணம். அதன்பின் பல வருடங்கள் கடனும் கஷ்டமும்தான். இத்தனைக்குப் பிறகு வண்டி விலைபோகாமல் துருப்பிடித்தால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

ஆகவே வண்டி ஓடும் என்பதை ஊருக்குக் காட்ட பெர்த்தா முடிவெடுத்தார். விளம்பரம் கொடுத்து அல்ல, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டி!

பெட்ரோல் பங்க் இல்லாத காலத்தில்

அன்று பெட்ரோல் பங்க் கிடையாது, மெக்கானிக் கிடையாது, தார்ச்சாலையும் கிடையாது. குதிரை வண்டிகள் போன மண்பாதைதான். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. இவ்வளவுதான் வண்டி.

வழியில் எரிபொருள் தீரும் நிலை வந்தது. அப்போது துணியில் கறை நீக்க லிக்ராயின் என்ற ஒரு திரவத்தை மருந்துக் கடைகளில் விற்பார்கள். பென்ஸ் எஞ்சின் ஓடியதும் அதில்தான். வீஸ்லோக் என்ற சிற்றூரின் மருந்துக் கடையில் பெர்த்தா அதை வாங்கி ஊற்றினார். அந்தக் கடைதான் இன்று "உலகின் முதல் பெட்ரோல் பங்க்" என்று பெயர் பெற்றிருக்கிறது.

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. கிணறு, ஓடை, சத்திரம் என்று எங்கே தண்ணீர் கண்டாலும் நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது பெர்த்தா தன் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றிச் சமாளித்தார். செயின் தளர்ந்தபோது ஒரு கொல்லரிடம் போனார்கள். இவை எல்லாம் பின்னாளில் அந்தக் குடும்பத்தார் சொல்லி உலகத்துக்குத் தெரிந்தவை.

மேடு வந்தது, வண்டி நின்றது

உண்மையான சோதனை இனிமேல்தான். மன்ஹைம் ரைன் நதிச் சமவெளியில் இருக்கும் ஊர். போர்ட்ஸ்ஹைமோ கருங்காடு என்று அழைக்கப்படும் மலைப்பகுதியின் வடக்கு வாசல். சமவெளி முடிந்ததும் குன்றுகள் ஏறி இறங்கித்தான் அங்கே போக முடியும்.

சமதரையில் நன்றாக ஓடிய வண்டி மேட்டில் திணறியது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு மூன்று பேரையும் வண்டியையும் மேலே இழுக்கும் பலம் இல்லை. வேறு வழி? இறங்கித் தள்ள வேண்டியதுதான்! ஒருவர் கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப, மற்ற இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஆகஸ்ட் மாத வெயிலில், நீண்ட அங்கி உடுத்திய ஒரு தாயும் பள்ளிக்கூடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் ஒரு காரை மலைமேல் தள்ளிக்கொண்டு போகும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

ஏறுவது கஷ்டம் என்றால் இறங்குவது ஆபத்து. வண்டியின் பிரேக் வெறும் மரக்கட்டை. நீண்ட இறக்கத்தில் அது தேய்ந்துகொண்டே வந்தது. பிரேக் பிடிக்காவிட்டால் மூவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. பெர்த்தா இதற்கும் ஒரு வழி கண்டார். பௌஷ்லோட் என்ற கிராமத்தில் செருப்புத் தைப்பவரிடம் போய், பிரேக் கட்டைகளின் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். இன்று நாம் "பிரேக் லைனிங்" என்று சொல்கிறோமே, அதன் தொடக்கம் இதுதான் என்பார்கள்.

ஒருவழியாக, இருட்டும் நேரத்தில் போர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்தார்கள். பெர்த்தா முதலில் செய்த காரியம் கணவருக்குத் தந்தி அடித்ததுதான். சில நாட்கள் தாய் வீட்டில் தங்கிவிட்டு, வேறு வழியாக அதே வண்டியிலேயே மன்ஹைம் திரும்பினார்கள்.

அந்த மேடு கற்றுக்கொடுத்த பாடம்

இந்தப் பயணத்தால் என்ன லாபம்?

முதலாவது, வண்டி நெடுந்தூரம் ஓடும் என்பதை வழியெல்லாம் ஜனங்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஒரு பெண்ணும் இரண்டு சிறுவர்களும் ஓட்டிப் போக முடிந்த வண்டியை இனி ஆபத்தான விளையாட்டு என்று யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

இரண்டாவதுதான் மிக முக்கியம். பட்டறையில் தெரியாத குறைகள் மலைச்சாலையில் தெரிந்துவிட்டன. மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் வேண்டும் என்று தாயும் பிள்ளைகளும் சொன்னார்கள். கார்லும் மறுக்காமல் சேர்த்தார். தாழ்ந்த கியரில் எஞ்சின் பல தடவை சுற்ற, சக்கரம் குறைவாகவே சுற்றும். வேகம் குறையும், ஆனால் இழுக்கும் பலம் கூடும். இன்றும் மலைப்பாதையில் பஸ் டிரைவர் வளைவுக்கு வளைவு கியரை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வசதிக்குப் பின்னால் மூன்று பேர் வண்டி தள்ளிய களைப்பும் இருக்கிறது.

அடுத்த மாதமே, 1888 செப்டம்பரில், மூனிக் நகரில் நடந்த கண்காட்சியில் பென்ஸ் வண்டி காட்டப்பட்டுத் தங்கப் பதக்கம் பெற்றது. அதன்பின் மெல்ல மெல்ல விற்பனை பெருகியது. 1899இல் மட்டும் பென்ஸ் நிறுவனம் 572 வண்டிகள் செய்தது. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வண்டியைக்கூட நம்பி வாங்கத் தயங்கிய உலகம் அது!

பெயர் யாருக்கு?

காப்புரிமைப் பத்திரத்தில் கார்ல் பென்ஸின் பெயர்தான் இருக்கிறது. பணம் போட்டவர், ஓட்டிச் சோதித்தவர், குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஆகிய பெர்த்தாவின் பெயர் அதில் இல்லை. கல்யாணமான பெண்ணின் சொத்தைக் கணவனின் நிர்வாகத்தில் விட்ட சட்டம் இருந்த காலம் அது. ஆனால் கார்ல் நன்றி மறக்கவில்லை. 1925இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில், எல்லாம் மூழ்கிப்போகும் என்று தோன்றிய நாட்களில் தன்னோடு நின்றவர் மனைவி ஒருவர்தான் என்று எழுதினார்.

கார்ல் 1929இல் காலமானார். பெர்த்தாவின் 95ஆவது பிறந்தநாளான 1944 மே 3 அன்று, கார்ல் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி அவருக்கு கௌரவ செனட்டர் பட்டம் அளித்தது. இரண்டே நாளில், மே 5 அன்று, அவர் கண்மூடினார். 2008இல் அவர் போய்வந்த வழி 194 கிலோமீட்டர் நீளமுள்ள "பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை" ஆனது. அமெரிக்காவில் உள்ள மோட்டார் வாகனப் புகழ் மன்றம் கார்லை 1984இல் சேர்த்துக்கொண்டது. பெர்த்தாவைச் சேர்த்துக்கொள்ள 2016 வரை ஆனது. கணவருக்குப் பின் 32 வருடம்!

ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது நாலு பேருக்குப் பயன்படும் என்று துணிந்து காட்டுவது மீதி வேலை. முதல் பாதியை கார்ல் பட்டறையில் செய்தார். மீதிப் பாதியை பெர்த்தா மலைச்சாலையில் செய்தார், பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

அடுத்த முறை குடும்பத்தோடு மலைக்குப் போகும்போது, வண்டி கியரை மாற்றி முக்கி முனகி மேடு ஏறுகிற சத்தம் கேட்டால், அந்தத் தாயையும் இரண்டு பையன்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!