ஹைவேயின் கண்கள் யார் தெரியுமா? லாரி டிரைவர்கள்தான்!

சோழபுரம் பக்கமிருந்து ராத்திரி 12 மணிக்கு மேல் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக பைக்கில் போயிருக்கிறீர்களா? டீக்கடைகூட மூடியிருக்கும். எதிரே வருவதெல்லாம் லாரிதான். கேரளாவுக்குப் போகும் வைக்கோல், காய்கறி, ராஜபாளையம் மில்களின் நூல் லோடு, சீஸன் வந்தால் சிவகாசிப் பட்டாசு. திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744 இது. பழைய நம்பர் 208.

அந்த நேரத்தில் ரோட்டில் எது நடந்தாலும் பெரும்பாலும் முதலில் பார்ப்பவர் லாரி டிரைவர்தான். போலீஸும் ஆம்புலன்ஸும் அப்புறம்தான். அப்படியென்றால், பாதுகாப்பு வேலையில் அவரையே அரசு கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் என்ன?

அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 'ஹைவே வாட்ச்' என்ற திட்டத்துக்கு அரசு பணம் கொடுத்தது. நடத்தியது லாரி நிறுவனங்களின் சங்கம். எதைக் கவனிக்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று டிரைவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். 2008-ல் அது முடிந்து வேறு பெயரில் தொடர்ந்தது. லாஜிக் சிம்பிள். தினமும் அதே ரோட்டில் போகிறவர் கண்ணில்தான், வழக்கத்துக்கு மாறான விஷயம் சட்டென்று படும்.

நம்மூரில் இதெல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது. ஆனால் தேவை இருக்கிறதா என்றால், நிச்சயம் இருக்கிறது. 2020 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மும்பைக்கு செல்போன் ஏற்றிப்போன கன்டெய்னர் லாரியை, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே ஒரு கும்பல் மறித்தது. டிரைவர்களைத் தாக்கிவிட்டு, சுமார் 15 கோடி ரூபாய் சரக்கைக் கொண்டுபோனது. தமிழ்நாடு போலீஸ் மத்தியப் பிரதேசம் வரை போய் ஆட்களைப் பிடித்தது.

டிரைவர் ஏன் போன் பண்ணத் தயங்குகிறார்?

சிக்கலே இங்கேதான். சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கு டிரைவர்கள் டிராஃபிக் அல்லது ஹைவே போலீஸுக்கு லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். லாரித் தொழிலில் இப்படிப் போகும் பணம் வருடத்துக்கு 48,000 கோடி ரூபாய் என்றது அந்த ஆய்வு. பார்த்தாலே பர்ஸை எடுக்க வேண்டிய ஆளிடம், 'சார், அங்கே ஒரு வண்டி சந்தேகமா நிக்குது' என்று யார் போய்ச் சொல்வார்கள்?

இன்னொரு பயமும் உண்டு. 2024 ஜனவரி முதல் வாரத்தில் நாடு முழுக்க லாரிகள் நின்றது ஞாபகமிருக்கிறதா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவுதான் காரணம். உயிர்ப்பலி விபத்தை ஏற்படுத்திவிட்டு, தகவல் சொல்லாமல் தப்பி ஓடினால் 10 ஆண்டு வரை சிறை. 'நின்னா ஜனங்க அடிச்சே கொன்னுடுவாங்க, ஓடினா ஜெயிலா?' என்பது டிரைவர்களின் கேள்வி. கலந்து பேசிய பிறகே அமல்படுத்துவோம் என்று மத்திய அரசு சொன்னது. 2024 ஜூலை 1-ல் புதிய சட்டம் வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

டிரைவர்களின் பயம் கற்பனை கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவே அதை ஒப்புக்கொள்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல்போனால் விதிவிலக்கு உண்டு. ஆனால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியாக வேண்டும். உங்கள் தெருவில் டிரைவர் அண்ணன் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். 112-க்குப் போன ஒரு கால், 'நான் ஓடி ஒளியலை' என்பதற்கு அவர் போனிலேயே இருக்கும் சாட்சி.

உங்கள் போனில் என்ன இருக்க வேண்டும்?

112: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும். போன் லாக்கில் இருந்தாலும் எமர்ஜென்சி பட்டன் வழியாக அடிக்கலாம். 1033: தேசிய நெடுஞ்சாலை உதவி எண், 24 மணி நேரமும். வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டாலும் இதற்கே அடிக்கலாம். 108 உங்களுக்கே தெரியும். தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப், 2022 ஏப்ரலில் வந்தது. சிவப்பு பட்டனை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கன்ட்ரோல் ரூமுக்குப் போய்விடும்.

'எங்கே இருக்கீங்க?' என்று கேட்டால் பலரும் திணறுவோம். ரோட்டோரக் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் இருக்கும் கிலோமீட்டரையும் அடுத்த ஊரையும் சொன்னால் போதும்.

அடிபட்டவருக்கு உதவினால் கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்களைக் கட்டாயமாக்கியது. 2019 சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. பணம் பற்றிய கவலையா? தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். பட்டியலில் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. கேரளா டிரைவராக இருந்தாலும் பொருந்தும்.

டேங்கர் கவிழ்ந்தால் செல்ஃபி வேண்டாம்!

பட்டாசு, கேஸ், பெட்ரோல் ஏற்றும் டிரைவர் மூன்று நாள் தனிப் பயிற்சி முடித்து லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும். வண்டியில் அபாயக் குறியும், சரக்கின் ஐ.நா. எண்ணும், அவசர போன் நம்பரும் இருக்கும். 1075 என்றால் சமையல் கேஸ். தள்ளி நின்று அந்த எண்ணை 112-ல் சொன்னால், தீயணைப்பு வீரர்கள் தயாராக வருவார்கள். 2025 ஜனவரி 3-ல் கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் கழன்று கசிந்தது. ஆட்களை விலக்கி, பள்ளிகளுக்கு லீவு விட்டு, உயிர்ச்சேதமில்லாமல் முடித்தார்கள். 2017-ல் பாகிஸ்தானின் பஹவல்பூர் அருகே கவிழ்ந்த டேங்கரில் பெட்ரோல் பிடிக்க ஓடியவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஆப் தீர்க்காது. தூக்கம். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று சொன்னது. எங்கே நிறுத்துவது? ரோட்டோர இருட்டில் நிறுத்தினால் டீசல் திருட்டு. பின்னால் வரும் பைக்குக்கு அதுவே எமன். டிரைவர்களுக்கு 1,000 ஓய்வுக் கட்டடங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். நம்ம ரூட்டில் திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்கு வழிச்சாலையாக்கும் திட்டம் போடப்பட்டது. விளக்கு, கழிப்பறை, கேமராவோடு லாரி நிறுத்த இடம் எந்தக் கிலோமீட்டரில் வருகிறது என்று உங்கள் எம்.எல்.ஏ-விடமோ, கலெக்டர் ஆபீஸ் மனு நாளிலோ கேட்டுப் பாருங்கள்.