பின் சக்கரத்துக்கு எவ்வளவு?

தொடக்ககாலக் கார்களில் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டுமே இருந்தது. முன்னாலும் வைத்தால் வண்டி குப்புறக் கவிழும் என்று பலர் பயந்தார்கள். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூசன்பெர்க் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் பிரேக் கொடுத்தது. 1924-இல் கிரைஸ்லரும் கொண்டுவந்தது. நான்கிலும் டிரம் என்பதால், முன்னும் பின்னும் வீல் சிலிண்டரின் அளவை மாற்றியே பிரேக் விசையின் பங்கீட்டை முடித்துக்கொள்ள முடிந்தது.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது டிஸ்க் பிரேக். 1953 லெ மான் பந்தயத்தில் டிஸ்க் மாட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. சில ஆண்டுகளில் சாலைக் கார்களின் முன் சக்கரங்களுக்கும் டிஸ்க் வந்தது. விலை குறைவு, கை பிரேக்குக்கும் வசதி என்பதால் பின்னால் டிரம்மே நீடித்தது. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். குறைந்த அழுத்தமே அதற்குப் போதும். டிஸ்க்குக்கு அந்தத் துணை கிடையாது. ஆகவே லைனில் அழுத்தத்தைக் கூட்டினார்கள், பூஸ்டர் வைத்தார்கள். அதே அழுத்தம் பின் டிரம்முக்கும் போனால் என்ன ஆகும்?

1,000 கிலோ காரை எடுத்துக்கொள்வோம். நிற்கும்போது முன்னால் 600, பின்னால் 400. இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2.4 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 சென்டிமீட்டர். 0.8 ஜி வேகக்குறைப்பில் பிரேக் அடித்தால் சுமார் 183 கிலோ முன்னால் சாய்ந்துவிடும். பின்னால் மிஞ்சுவது 217 தான். கிட்டத்தட்ட பாதி பாரத்தை இழந்த சக்கரம் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும். வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும். முன் சக்கரம் பூட்டினால் வண்டி திரும்பாது, ஆனாலும் நேராகப் போகும். எது முதலில் பூட்ட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை: முன் சக்கரம்தான்.

அதற்காகப் பிறந்ததே ப்ரொபோர்ஷனிங் வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங், இரு முனைகளிலும் வெவ்வேறு பரப்புள்ள ஒரு பிஸ்டன். மெல்ல மிதித்தால் அது குறுக்கிடாது. உதாரணமாக, 30 பார் அழுத்தம் வரை இரு பக்கமும் சமம். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 10 பாருக்கும் பின்னால் 4 பார் மட்டும் விடும் வால்வு என்றால், முன்னால் 80 ஏறும்போது பின்னால் 50 தான்.

ஆனால் பாரம் ஏற்றிய வண்டியில் பின் சக்கரத்துக்கு நல்ல பிடிமானம் உண்டு. அங்கே இந்தக் கஞ்சத்தனம் வீண். 1955-இன் சிட்ரோயன் டி.எஸ். தன் பின் சஸ்பென்ஷனின் அழுத்தத்தைக் கொண்டே பங்கைத் தீர்மானித்தது. வேன்களிலும் பிக்-அப்களிலும் எளிய வழி வந்தது: பின் அச்சிலிருந்து ஒரு கம்பி வால்வைத் தள்ளும், வண்டி தாழ்ந்தால் பின்னால் அழுத்தம் கூடும். ஸ்பிரிங் பட்டை கூட்டி வண்டியைத் தூக்கினால், பாரம் ஏற்றினாலும் அந்தக் கம்பி காலி வண்டி என்றே வால்வுக்குச் சொல்லும். பட்டை வேலை பார்த்தவுடன் கம்பியை மறுபடி செட் செய்யாமல் வண்டியை வெளியே விடுவது தவறு.

பின் சக்கரம் பூட்டுகிறது என்றதும் வால்வின் மேல் பழி போட வேண்டாம். முதலில் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டர் ஒழுகி ஷூ நனைந்திருந்தாலும் சக்கரம் கவ்விக்கொள்ளும். அது சரியாக இருந்தால் முன் லைனிலும் பின் லைனிலும் பிரஷர் கேஜ் மாட்டி மிதிக்க வேண்டும். கடைசி வரை இரண்டும் சமமாகவே ஏறினால் வால்வு வேலை செய்யவில்லை. பின்னால் அழுத்தமே வராவிட்டால் வால்வு இறுகியிருக்கலாம், பைப்போ ஹோஸோ அடைத்திருக்கலாம். மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருப்பிடிக்க வைக்கும்.

1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பாஷின் ஏ.பி.எஸ். வந்தது. பின்னர் அதன் சக்கர வேக சென்சார்களைக் கொண்டு கணினியே பின் சக்கரத்தின் பங்கை அளக்கத் தொடங்கியது. புதிய கார்களில் தனி வால்வு மறைந்துவருகிறது. பழைய வண்டியில் அது கெட்டால் பிரித்துத் தட்டிச் சேர்க்காதீர்கள், வெறும் பைப்பால் இணைக்கவும் செய்யாதீர்கள். அந்த மாடலுக்கு உரிய வால்வையே வாங்கிப் போட்டு, ஏர் எடுத்து, மழையில்லாத நாளில் காலியான சாலையில் சோதியுங்கள்.