பேரி மர இனமேம்பாடு

பேரி மர இனமேம்பாடு என்பது நோயையும் பூச்சியையும் தாங்கும் ஆற்றலையும் சுவைமிக்க பழத்தையும் ஒரே மரத்தில் சேர்க்கும் நோக்குடன் பேரி இனங்களைக் கலந்து, சிறந்த வழித்தோன்றல்களைத் தெரிவு செய்யும் பணியாகும். இவ்விரு பண்புகளும் பெரும்பாலும் வெவ்வேறு இனங்களில் அமைந்திருப்பதே இதன் அடிப்படைச் சிக்கல் ஆகும். ஐரோப்பியப் பேரி (பைரஸ் கம்யூனிஸ்) மென்மையும் மணமும் உடைய பழம் தருகிறது. ஆனால் அதன் புகழ்பெற்ற வகைகள் பல எளிதில் நோயுறுகின்றன. கிழக்காசியக் காட்டு இனங்கள் சில நோயைத் தாங்குகின்றன. ஆனால் அவற்றின் பழம் சிறியதாகவும் துவர்ப்பாகவும் இருக்கும்.

முதன்மைப் பாதிப்புகள்

தீக்கருகல் நோய்: எர்வினியா அமைலோவோரா என்னும் பாக்டீரியாவால் உண்டாவது. பூக்கள் வழியாக நுழைந்து, கிளைகளைத் தீயில் கருகியவை போல் ஆக்கும். சில வேளைகளில் முழு மரமும் பட்டுவிடும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் பகுதியில் இந்நோய் முதன்முதலாகப் பதிவானது. 1950களில் இருந்து ஸ்ட்ரெப்டோமைசின் தெளிக்கப்பட்டது. 1970களிலேயே கலிபோர்னியாவில் அம்மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா தோன்றியது.

பேரி சில்லா: இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. இது வெளியேற்றும் இனிப்புக் கழிவின் மீது கரும்பூஞ்சை படர்ந்து பழத்தைக் கெடுக்கிறது. பேரி நலிவு நோயையும் இப்பூச்சி பரப்புகிறது. பூச்சிக்கொல்லிகளுக்கு இது விரைவில் பழகிவிடுவதால், மரத்தின் இயற்கையான எதிர்ப்புத்திறன் முக்கியத்துவம் பெறுகிறது.

எதிர்ப்புத்திறனின் மூலங்கள்

19ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் தோன்றிய 'கீஃபர்' வகை, சீன மணற்பேரியின் (பைரஸ் பைரிஃபோலியா) கலப்பு ஆகும். இது தீக்கருகலை ஓரளவு தாங்கியது. ஆனால் சதையில் கற்செல்கள் மிகுந்திருந்ததால் நறநறப்பாக இருந்தது. 1910களில் ஓரிகன் மாநில ஆய்வாளர் எஃப். சி. ரைமர், சீனாவில் இருந்தும் பிற இடங்களில் இருந்தும் பேரி வகைகளைத் திரட்டிச் சோதித்தார். அவர் இல்லினாயில் கண்டறிந்த 'ஓல்ட் ஹோம்' என்னும் நோய் தாங்கும் ஐரோப்பியப் பேரியின் வழிவந்த ஒட்டுக்கட்டைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. எனினும், ஒட்டுக்கட்டையின் எதிர்ப்புத்திறன் அதன்மேல் ஒட்டப்பட்ட கிளைகளைக் காப்பதில்லை. சில்லாவைத் தாங்கும் பண்பு பைரஸ் உசூரியென்சிஸ் இனத்தின் கலப்புகளில் காணப்படுகிறது. இவற்றின் இலைகளில் இளம்பூச்சிகள் குறைவாகவே சாறு உறிஞ்சி மடிகின்றன.

கலப்பு முறை

காட்டு இனத்துடன் கலந்த முதல் தலைமுறையில் பழத்தின் தரம் தாழ்ந்துவிடும். ஆகவே அதை மீண்டும் மீண்டும் நல்ல வகைகளுடன் கலக்க வேண்டும். பேரி தன் மகரந்தத்தை ஏற்பதில்லை என்பதால், பெரும்பாலும் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறொரு நல்ல வகை பயன்படுத்தப்படுகிறது. நாற்று முதன்முதலாகக் காய்க்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் ஆகலாம். இதனால் ஒரு புதிய வகை உருவாகப் பல பத்தாண்டுகள் தேவைப்படுகின்றன. நாற்றுகளுக்கு நோயைச் செயற்கையாகத் தொற்றச் செய்து, தாங்காதவற்றை இளமையிலேயே நீக்கலாம். பழத்தின் சுவையையோ மரம் காய்க்கும் வரை அறிய இயலாது.

வெளியிடப்பட்ட வகைகள்

அமெரிக்க வேளாண்மைத் துறை 'மேக்னஸ்', 'மூன்குளோ' (1960), 'பொட்டோமேக்' (1993), 'பிளேக்ஸ் பிரைட்' (1998) முதலிய தீக்கருகல் தாங்கும் வகைகளை வெளியிட்டது. கனடாவின் ஹாரோ ஆய்வு நிலையத்தில் இருந்து 'ஹாரோ ஸ்வீட்' வந்தது. இவற்றுள் 'மேக்னஸ்' சுவையில் சிறந்தது. ஆயினும் காய்க்கத் தாமதமாகும், அதன் மகரந்தம் பிற மரங்களுக்கும் பயன்படாது. எதிர்ப்புத்திறன், சுவை இரண்டும் சேர்ந்தாலும் மூன்றாவது ஒரு குறை எஞ்சக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

இன்றைய நிலை

2010களில் சீன, ஐரோப்பியப் பேரிகளின் மரபணுத்தொகுதிகள் வெளியாயின. எதிர்ப்புத்திறனுடன் தொடர்புடைய மரபணுக் குறிப்பான்களைக் கொண்டு நாற்றுகளை இளமையிலேயே தெரிவு செய்ய முடிகிறது. எனினும் அமெரிக்கச் சந்தையில் நோய்க்கு ஆளாகும் 'பார்ட்லெட்' போன்ற பழைய வகைகளே முன்னிலையில் உள்ளன. புதிய வகை நோயைத் தாங்கினால் மட்டும் போதாது. சேமிப்பையும் போக்குவரத்தையும் தாங்கி, வாங்குவோர் விரும்பும் பழத்தையும் தர வேண்டும்.