மறைபொருள் குறுக்கெழுத்தும் நேர்மை விதியும்

மறைபொருள் குறுக்கெழுத்து என்பது, குறிப்பை அப்படியே படித்தால் விடை கிடைக்காத ஒரு குறுக்கெழுத்துப் புதிர் வகை ஆகும். ஆங்கிலப் பெயரை ஒட்டி 'கிரிப்டிக் குறுக்கெழுத்து' என்றும் இதைச் சொல்வர். 1920களில் பிரித்தானிய இதழ்களில் இது உருவானது. இதன் குறிப்பில் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருளைச் சொல்லும். மற்றொன்று, எழுத்துகளைக் கொண்டு விடையைக் கட்டும் வழியைச் சொல்லும். இரண்டும் சேர்ந்து இயல்பான ஒரு வாக்கியம் போலத் தோன்றுவதால், முதற் பகுதி எங்கே முடிகிறது என்று தெரியாமல் படிப்பவர் திகைப்பார்.

ஆங்கிலக் குறிப்புகளை மொழிபெயர்த்தால் சொல்லாட்டம் கெட்டுவிடும். ஆகவே தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்: 'குழம்பிய நகரம் பாவிகள் சேருமிடம் (4)'. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. 'நகரம்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'நரகம்' கிடைக்கும். பாவிகள் சேருமிடம் என்பது அதன் பொருள். 'குழம்பிய' என்ற சொல்தான் எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் கட்டளை. அதை நீக்கிவிட்டால் குறிப்பு கடினமாகும். ஆனால் அது வேறு வகைக் கடினம். கலைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாதபோது ஒருவர் ஏன் கலைக்க வேண்டும்? இப்புதிர் வகையின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

தோற்றம்

லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வெளியிட்ட புதிரே நவீன குறுக்கெழுத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதில் நேரடியான குறிப்புகளே இருந்தன. பத்தாண்டுகளுக்குப் பின் இந்த விளையாட்டு பிரித்தானியாவுக்குப் பரவியது. 'டெய்லி டெலிகிராப்' 1925இலும், 'தி டைம்ஸ்' 1930இலும் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கின.

நேர்க்குறிப்புகளை முற்றிலும் கைவிட்டு எல்லாவற்றையும் மறைபொருளில் எழுதியவர் எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ் (1892–1939). கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான இவர் 1926 முதல் இறக்கும்வரை 'அப்சர்வர்' இதழில் 'டார்கெமாடா' என்ற புனைபெயரில் புதிர் அமைத்தார். டார்கெமாடா, ஸ்பெயினில் சமய விசாரணை நடத்திக் கொடுமைக்குப் பெயர்போன தலைமை விசாரணை அதிகாரி. புதிர் அமைப்பவர் சித்திரவதை செய்பவர் என்ற நகைச்சுவை இதில் அடங்கியிருக்கிறது. மாதர்ஸின் படிப்பும் கற்பனையும் வியக்கத்தக்கவை. ஆனால் அவர் குறிப்புகளில் விடை தெரிந்த பின்னும் அது எப்படி வந்தது என்று சொல்ல முடியாத இடங்கள் உண்டு.

இரண்டு ஆசிரியர்கள்

இதை ஒழுங்குபடுத்தியவர்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவர் வெல்ஸ் பேராலயப் பள்ளியின் தலைமை ஆசிரியரான ஏ. எஃப். ரிச்சி. தம் பெயரின் முன்பகுதியைச் சேர்த்து, அரபுக் கதைகளில் வரும் பூதத்தின் பெயரான 'அஃப்ரிட்' என்பதைப் புனைபெயராக்கிக் கொண்டார். 1949இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு நெறியை வகுத்தார். புதிர் அமைப்பவர் மேலோட்டமாகச் சொல்வதைக் கருத வேண்டியதில்லை. ஆனால் கருதுவதைச் சொல்லியே ஆக வேண்டும். அதாவது ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. தமிழ்ச் சிலேடையில் இரு பொருளும் வெளிப்படையாக நின்று மகிழ்விக்கும். இங்கு ஒரு பொருள் திசைதிருப்புவதற்காகவே நிற்கிறது. எனவே மற்றதாவது பிசகாமல் இருக்க வேண்டும்.

மற்றவர் டி. எஸ். மெக்நட் (1902–1971). கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த இவர், மாதர்ஸுக்குப் பின் 1939 முதல் 'அப்சர்வர்' புதிரை ஏற்று, இன்னொரு விசாரணை அதிகாரியான 'சிமெனெஸ்' பெயரைச் சூடினார். 1966இல் வந்த அவருடைய நூல் இத்துறையின் இலக்கண நூலாகவே மதிக்கப்படுகிறது. அவர் வலியுறுத்தியது எளிது: துல்லியமான பொருள், நியாயமான சொல்லாட்டம், இவை தவிர வேறொன்றும் குறிப்பில் இருக்கக் கூடாது.

'கல்லின் தலையுடன் மீனவர் வீசியது வருத்தம் (3)' என்ற குறிப்பை இந்த விதியால் சோதிக்கலாம். கல்லின் தலை 'க'. மீனவர் வீசியது 'வலை'. சேர்ந்தால் 'கவலை', அதன் பொருள் வருத்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. இதையே 'மீனவர் நேற்று வீசியது' என்று எழுதினால் வாக்கியம் இன்னும் இயல்பாகும். ஆயினும் 'நேற்று' என்பதற்கு வேலையில்லை. சிமெனெஸ் அதை நீக்கச் சொல்லியிருப்பார். விடைத்தாளில் விடை மட்டும் போதாது, வழியும் வேண்டும் என்று கேட்கும் ஆசிரியரின் கண் இது.

இவருக்குப் பின் 1972இல் வந்த ஜொனாதன் கிரௌதர் 'அசெட்' என்ற பெயரில் எழுதினார். டெசா என்ற விசாரணை அதிகாரியின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து படித்தால் அது வரும்.

தளர்த்தியவர்

எல்லோரும் இந்த விதிக்கு உட்படவில்லை. பாதிரியாரான ஜான் கிரகாம் 1958 முதல் 'கார்டியன்' இதழில் புதிர் அமைத்தார். அவருடைய புனைபெயர் 'அரௌகேரியா'. ஆங்கிலேயர் 'குரங்குப் புதிர்' என்று அழைக்கும் மரத்தின் தாவரவியல் பெயர் அது. சிமெனெஸின் இலக்கணத்தை அவர் அவ்வப்போது மீறினார். வாசகர் அதை மன்னித்ததோடு அவரைக் கொண்டாடவும் செய்தனர். விதி தளர்ந்தாலும் குறிப்பு வாசகரை நோக்கிக் கைநீட்டியதே அதற்குக் காரணம் எனலாம்.

2013 ஜனவரி 11 அன்று வெளியான புதிரின் முன்குறிப்பில், அரௌகேரியாவுக்கு 19இல் 18 இருக்கிறது, அதற்கு 13, 15 கொண்டு சிகிச்சை நடக்கிறது என்று எழுதியிருந்தார். கட்டங்களை நிரப்பியவர்களுக்கு 18 'புற்றுநோய்', 19 'உணவுக்குழாய்', 13, 15 'வலிதணிப்புப் பராமரிப்பு' என்று தெரியவந்தது. 18ஆம் குறிப்பு 'வளர்ச்சியின் அடையாளம்' என்று படிக்கும்படி இருந்தது. ஆங்கிலத்தில் கடக ராசிக்கும் புற்றுநோய்க்கும் ஒரே சொல்; 'அடையாளம்' என்பதற்கான சொல் ராசியையும், 'வளர்ச்சி' என்பதற்கான சொல் கட்டியையும் குறிக்கும். இரண்டே பொருட்சொற்கள், இரண்டுக்கும் வேலை உண்டு. கிரகாம் அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, 92ஆம் வயதில் காலமானார்.