வீடே மருத்துவமனையான வரலாறு

சென்னைக் கடற்கரையிலிருந்து கிண்டி வழியாகத் தெற்கே செல்லும் மின்சார இரயிலில் பயணம் செய்வோர், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரைப் படித்திருப்பார்கள். 'தாம்பரம் சானடோரியம்' என்பது அதன் பெயர். காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து 1928ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய ஆரோக்கிய நிலையமே அந்தப் பெயருக்குக் காரணம். 1937இல் அரசு அதனை ஏற்றுக் கொண்டது. ஒரு நோயின் பெயரால் ஓர் இரயில் நிலையமே அமையும் அளவுக்கு அந்நோய் நம் மக்களை ஆட்டிப் படைத்திருந்தது.

என்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் முன்னோர் அதனை அழைத்தனர். வீட்டில் ஒருவருக்கு அந்நோய் கண்டால், அவருக்குத் தனிப் பாயும் தனிக் குவளையும் ஒதுக்கப்பட்டன. அவ்வீட்டுப் பெண் மக்களுக்கு வரன் அமைவது அரிதாயிற்று. நோயைவிட, அதனை மறைக்கும் அச்சமே பலரை மாய்த்தது. அந்நாளைய மருத்துவம் கூறிய வழி ஒன்றே: ஊருக்கு வெளியே தூய காற்று, நீண்ட ஓய்வு, சத்துள்ள உணவு. வசதி படைத்தவர்க்கு அது கைகூடியது. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர்க்கு அது எட்டாக்கனி.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பி.ஏ.எஸ். வந்தது, 1952இல் ஐசோனியாசிட் வந்தது. மருந்து பிறந்துவிட்டது, ஆனால் அதனைக் கொடுப்பது எங்கே? இந்தியாவில் நோயாளிகளின் தொகை பல இலட்சம். அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ மிகச் சிலவே. நோயாளிகள் அனைவருக்கும் படுக்கை அமைப்பதென்றால் ஒரு தலைமுறைக் காலமும் போதாது.

இந்த இக்கட்டுக்கு விடை காணவே 1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்து அதனை அமைத்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் எழுப்பிய வினா எளிமையானது. ஒரே மருந்தை ஒருவர் சானடோரியத்தில் தங்கி உண்கிறார். மற்றொருவர் தம் குடிசையிலேயே இருந்து உண்கிறார். இருவரில் யார் குணமடைவார்? நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ நோயாளியின் செல்வாக்குக்கோ விடாமல், சீட்டுக் குலுக்கலைப் போன்றதொரு முறையில் முடிவு செய்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் வழங்கப்பட்டன.

மனித உயிரைக் குலுக்கலில் விடுவதா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இம்முறைக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி பிரிட்டனில் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. அங்கே மருந்து பற்றாக்குறை. எல்லோருக்கும் கொடுக்க இயலாத நிலையில், யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. இங்கே பற்றாக்குறை படுக்கைக்கு. எவருக்கும் மருந்து மறுக்கப்படவில்லை. இடம் மட்டுமே வேறுபட்டது.

ஒப்பிட்டு அறியும் இவ்வெண்ணம் நம் மரபுக்குப் புதிதன்று. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸீ, மூளைக் காய்ச்சல் கண்டவர்களுள் ஒரு சாராருக்கு இரத்தம் வடித்தும், மறு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டும் விளைவை நோக்கியதாகக் குறித்துள்ளார். இப்னு ஸீனா தம் 'அல்கானூன்' நூலில் மருந்துகளைச் சோதிப்பதற்கான விதிகளைத் தொகுத்தளித்தார். அந்தப் பழைய வேர் இருபதாம் நூற்றாண்டில் கணித நெறியோடு கிளை பரப்பியது எனலாம்.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக உண்கிறாரா என்பதே பெரிய ஐயம். பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும் மருந்து. ஆகவே, சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றனர், எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். கண்காணிப்பு என்றாலும், நோயாளியின் வாசலுக்கு மருத்துவமே நடந்து சென்றது அன்று ஒரு புதுமை.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டின் இறுதியில் சானடோரியத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தார்க்கு நல்ல உணவும் ஓய்வும் காற்றும் கிடைத்தன. வீட்டிலிருந்தோர்க்கோ நெருக்கடியான குடியிருப்பும் எளிய உணவுமே. அப்படியிருந்தும் வேறுபாடு இவ்வளவு சிறிதே! குணப்படுத்தியது மருந்தே என்பது தெளிவாயிற்று.

ஆயினும் தாய்மார்களின் அச்சம் வேறு. நோயாளி வீட்டிலேயே இருந்தால் குழந்தைகளின் கதி என்ன? ஆய்வாளர் இதனைப் புறக்கணிக்கவில்லை. இரு சாராரின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, மருந்து தொடங்காத நாட்களில்தான் பேராபத்து இருந்தது. பிரித்து வைத்ததைவிட, காலத்தோடு கண்டறிந்து மருந்து கொடுத்ததே பிள்ளைகளைக் காத்தது.

உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்குச் சென்னையின் இந்த ஆய்வு பெருந்துணை செய்தது. வாரம் இருமுறை பணியாளர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் இம்மையம் 1960களில் சோதித்து வெற்றி கண்டது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்று பரப்பிய திட்டத்துக்கு அதுவும் ஓர் அடிப்படை. அம்மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் இயங்குகிறது.

அப்படியானால் உணவு வேண்டாமா என்று எண்ணிவிடலாகாது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளிகளின் குடும்பங்களுக்குச் சத்துணவு வழங்கி நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அவ்வுணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாக நோய் தோன்றுவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நோயாளியை மருந்து மீட்கிறது. சுற்றியிருப்போரை உணவு காக்கிறது.

உலகில் காசநோயாளிகள் மிகுந்த நாடாக இந்தியா இன்றும் விளங்குகிறது. தொடர்ந்த இருமலை மறைக்கும் வழக்கமும், வரன் தட்டிப்போகும் என்று பெண்ணின் நோயைப் பேசாமலிருக்கும் வழக்கமும் இன்னும் மறையவில்லை. தனிக் குவளை ஒதுக்கிய கை, தவறாமல் மருந்தை எடுத்துக் கொடுக்கும் கையாக மாறினால் போதும். சேத்துப்பட்டில் அந்த 193 ஏழைகள் உலகுக்கு ஈட்டித் தந்த அறிவு நம் இல்லங்களிலும் பயன் தரும்.