குண்டு எறிதலும் 45 பாகைக் கணக்கும்

பீரங்கியை எந்தக் கோணத்தில் நிறுத்தினால் குண்டு அதிகத் தூரம் போகும்? 45 பாகை என்றார் இத்தாலியரான தார்த்தாலியா, 1537இல். சரியான நிரூபணத்தை 1638இல் கலிலியோவே தந்தார். கிடைவேகம் மாறுவதில்லை, விழும் வேகம் சீராகக் கூடுகிறது. ஆகவே பாதை பரவளையம்.

பீரங்கியில் காற்றுத்தடை இக்கணக்கைக் கெடுத்தது. ஆண்கள் எறியும் 7.26 கிலோ குண்டு கனமானது, வேகம் குறைந்தது. அதற்குக் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. விநாடிக்கு 14 மீட்டர் வேகமென்றால், 14ஐ 14ஆல் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8ஆல் வகுக்க, 20 மீட்டர் தூரம். பள்ளிப் பாடம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது.

ஆனால் குண்டு புறப்படுவது தரையிலிருந்து அன்று, ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்திலிருந்து. அதையும் சேர்த்தால் சிறந்த கோணம் 42 பாகை, தூரம் 21.9 மீட்டர்.

தேர்ந்த வீரர்களோ பெரும்பாலும் 35 முதல் 38 பாகையில்தான் எறிகிறார்கள். கணக்குத் தெரியாமல் அல்ல. செங்குத்தாகத் தள்ளத் தள்ள, கை குண்டின் எடையையும் எதிர்க்க வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. அதே வேகத்தில் 42லிருந்து 37 பாகைக்கு இறங்கினால் இழப்பு 30 சென்டிமீட்டர்தான். வேகம் 14லிருந்து 13 ஆனாலோ 2.7 மீட்டர் போய்விடும்.